சலப்பைக்குள் பீசீஜி ஏற்றிய பிறகு வரும் எரிவு, அவசரம், இரத்தம் – வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

கல்லடித் தாதி எழுதியது:

சலப்பைப் (சிறுநீர்ப்பை) புற்றுக்குப் பீசீஜி ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களும், அவர்களைப் பார்க்கிற பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் சேர்ப்போம் என்று இந்த இழையைத் தொடங்குறன். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறவங்களுக்கு, நமது வீடு, நமது கக்கூசு, நமது பஸ் பயணம் இதுக்கெல்லாம் பொருந்துற மாதிரி எழுதுங்க. உங்களை உங்கட டொக்டர்தான் பார்க்க வேணும். இங்கே எழுதுறது அவரிட்ட சரியான நேரத்தில் சரியான விசயத்தைச் சொல்ல உதவத்தான்.

முதலில் அடிப்படை. குழந்தை பிறந்ததும் காசநோய் வராமல் கையில் போடுற பீசீஜி ஊசியில் இருக்கிற அதே உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமிதான் இது. ஆனால் அளவு பல மடங்கு. 1976 இல் கனடாவில் மொறாலெஸ் என்ற வைத்தியர்தான் இதைச் சலப்பைக்குள் ஏற்றிப் பார்த்து முடிவை வெளியிட்டார். கிழமைக்கு ஒன்றாக 6 கிழமை என்ற அவர்ட முறைதான் இன்றைக்கும் தொடக்கச் சிகிச்சை. அதுக்குப் பிறகு தொடர் சிகிச்சை வைத்தால் 3, 6, 12, 18, 24, 30, 36 ஆம் மாதங்களில் மும்மூன்று தடவை. முழுசாக முடித்தால் 27.

கிருமி சலப்பைச் சுவரில் ஒட்டி, உடம்பின் எதிர்ப்புப் படையை அங்கே கூப்பிடுது. அந்தப் படை வந்து நடத்துற சண்டைதான் எரிவு, அடிக்கடி போறது, அடக்க ஏலாத அவசரம், லேசான இரத்தம், அலுப்பு, மெல்லிய காய்ச்சல் எல்லாம். மருந்தை வெளியேற்றி 2 முதல் 4 மணித்தியாலத்தில் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும்.

அந்த மூன்றாம் நாளை ஒரு கோடாக வச்சுக்கொள்ளுங்க. 72 மணித்தியாலத்துக்குள் குறைஞ்சுகொண்டு வருதென்றால் அது எதிர்பார்த்த எரிவு. அதைத் தாண்டியும் அதே மாதிரி நிக்குது, அல்லது கூடுது என்றால் வேறு ஏதோ நடக்குது, கிளினிக்குக்குச் சொல்ல வேணும். இதைத் தவிர எல்லாத்தையும் மறந்தாலும் பரவாயில்லை.

---

காத்தான்குடித் தங்கச்சி எழுதியது:

தாத்தா, முதல் ரெண்டு தடவையும் ஒன்றுமே தெரியல்ல, மூன்றாவதிலதான் எரிவு தொடங்குது என்று பலர் சொல்றாங்க. மருந்து மாறிப் போச்சா என்று பயப்படுறாங்க. ஏன் அப்படி?

---

கல்லடித் தாதி எழுதியது:

மருந்து மாறல்ல தங்கச்சி. உடம்பு முதல் ரெண்டு கிழமையில் கிருமியை அடையாளம் பிடிச்சுப் பழகுது. மூன்றாவது நாலாவது தடவை வரும்போது படை தயாராக நிக்கும், அதால எதிர்வினை வேகமாகவும் கூடுதலாகவும் வரும். 4, 5, 6 ஆம் கிழமைகளில் கூடுறது வழமை. முதலாவதில் ஒன்றுமில்லை என்று நினைச்சு ஆறாவதன்றைக்கு வயல் வேலைக்கோ கலியாண வீட்டுக்கோ நாள் குறிக்காதீங்க.

---

யூரோவாட் மிஸ்ஸி எழுதியது:

பக்க விளைவின் பாதி, மருந்து ஏற்றுற அன்றைக்குக் காலையில் என்ன செய்தீங்க என்பதில் இருக்கு. அதைச் சொல்லிவிடுறன்.

மருந்து ஏற்ற 4 மணித்தியாலத்துக்கு முன்பிருந்து குடிக்கிறதைக் குறைக்க வேணும். வாய் நனையுற அளவு போதும். பிளேன்டி, கோப்பி கூடவே கூடாது, அவை சலத்தைக் கூட்டும். தண்ணி நிறையக் குடிச்சிட்டு வந்தால் 50 மில்லி மருந்து சலத்தோட கலந்து ஐதாகும், ஒரு மணித்தியாலத்திலேயே முட்டும். பிறசருக்கோ கால் வீக்கத்துக்கோ சலம் போகிற குளிசை, உதாரணமாகப் புருசமைட், எடுக்கிறவங்க அன்றைய குளிசையை மருந்து வெளியேறின பிறகு எடுக்கலாமா என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டுவைக்க வேணும். சுகருக்குக் குடுக்கிற எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் வகையும் அப்படித்தான். சீனியைச் சலத்தால் வெளியேற்றுறதுதான் அதன் வேலை, கூடவே தண்ணியும் போகும். நீங்களாக நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்க. பயோகிளிட்டசோன் எடுக்கிறவர் யாரும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்க, சலப்பைப் புற்று உள்ளவருக்கு அது பொருந்தாத குளிசை.

கதீற்றர் (சலவழிக்குள் விடுற மெல்லிய குழாய்) போடும்போது இரத்தம் வந்தாலோ, கஷ்டப்பட்டுப் போட வேண்டி வந்தாலோ அன்றைக்கு மருந்து ஏற்றக் கூடாது. புண் வழியாக உயிருள்ள கிருமி இரத்தத்துக்குள் நேராகப் போகும். பெரிய ஆபத்துகள் பல இந்த வழியாகத்தான் வருது. தூரத்தில் இருந்து வந்தவர் 'வந்ததுக்குப் போட்டுவிடுங்க மிஸ்ஸி' என்று கெஞ்சுவார். குறைந்தது ஒரு கிழமை தள்ளித்தான் போட வேணும். சத்திரசிகிச்சை செய்து ரெண்டு கிழமைக்குள் ஏற்றுறதில்லை என்பதும் இதே காரணம். கண்ணுக்குத் தெரியிற இரத்தம், காய்ச்சலோட சலத் தொற்று இருந்தாலும் அப்படித்தான்.

உள்ளே வச்சிருக்கிறது 2 மணித்தியாலம். 15 நிமிசத்துக்கு ஒருக்கா மல்லாக்க, இடப்பக்கம், குப்புற, வலப்பக்கம் என்று கிறுகிப் படுக்கச் சொல்வாங்க. சில இடங்களில் இப்போது இதைக் கட்டாயமாக்கிறதில்லை, எழுந்து நடமாட விடுறாங்க. அது எப்படியும் போகட்டும், 2 மணித்தியாலத்துக்கு மேல் அடக்கி வச்சிருக்கிறது மட்டும் வேண்டாம். கூட வச்சால் கூட வேலை செய்யும் என்ற நினைப்பு பிழை. கூடுறது எரிவுதான்.

---

பாமசி சம்மாந்துறை எழுதியது:

மிஸ்ஸி சொன்னதோட ஒன்று. கதீற்றருக்குப் பூசுற மரக்கச் செய்யிற ஜெல்லையும் அளவோடதான் பாவிக்க வேணும். அதில் நிறைய உள்ளே போனால் கிருமியைக் கெடுக்கும், சிகிச்சையே வீணாகும். 'நோகுது, கூடப் போடுங்க' என்று கேட்கிறவங்களுக்கு இது தெரியாது.

---

திருக்கோவில் தம்பி எழுதியது:

2 மணித்தியாலம் முடிய முதல் அடக்க ஏலாமல் வந்துட்டால்? ஒருவர் முக்கால் மணித்தியாலத்தில் போயிட்டு மிஸ்ஸியிட்டச் சொல்லாமல் விட்டிருக்கார், ஏசுவாங்க என்று.

---

யூரோவாட் மிஸ்ஸி எழுதியது:

ஏச மாட்டம் தம்பி. எத்தனை நிமிசம் நின்றது என்று கார்ட்டில் எழுதத்தான் கேட்கிறம். அடுத்த முறை டொக்டர் அதைப் பார்த்துத்தான் தசைப்பிடிப்புக்கு மருந்து வேணுமா, தொற்று இருக்கா என்று முடிவு எடுப்பார். சொல்லாமல் விட்டால் அவருக்கு எல்லாம் நல்லபடி போகுது என்றுதான் தெரியும்.

---

ஆரையம்பதி ஆசிரியர் எழுதியது:

பயணம் பற்றி யாரும் சொல்லல்லையே. அக்கரைப்பற்றில் இருந்தோ பொத்துவிலில் இருந்தோ மட்டக்களப்புக்கு வந்து ஏற்றுறவங்க, கொழும்புக்கே போய் ஏற்றுறவங்க இருக்காங்க. மருந்து வெளியேறின பிறகுதான் அவசரம் தொடங்குது. அந்த நேரம் பஸ்ஸில் இருந்தால் என்ன செய்யுறது?

---

கல்லடித் தாதி எழுதியது:

சேர், மருந்தை உள்ளே வச்சுக்கொண்டு பஸ் ஏறவே கூடாது. குலுக்கலில் கசியும், கசிஞ்சது உடுப்பிலும் சீற்றிலும் படும். 2 மணித்தியாலத்தையும் ஆசுபத்திரியில் முடிச்சு, அங்கேயே முதல் சலத்தைப் போங்க. முதல் சலத்தில்தான் கிருமியில் பெரும்பகுதி போகும்.

கல்முனைக்கு 40 கிலோமீற்றர் அளவுதான், ஆனாலும் முதல் சலம் போய் ஒரு மணித்தியாலம் இருந்து ரெண்டாம் தடவையும் போயிட்டு ஏறுறது நல்லம். கொழும்பென்றால் அன்றைக்கு ராவே திரும்பாமல் ஒரு நாள் தங்க முடிஞ்சால் தங்குங்க. முடியாதென்றால் பஸ்ஸை விட ரயில், அதில் கக்கூசு இருக்கு. கைப்பையில் வாய் அகன்ற மூடிப் போத்தல் ஒன்று, பெரியவர்களுக்கான பேட் ரெண்டு மூன்று, பழைய சாரன் ஒன்று, கட்டி வைக்கப் பொலித்தீன் பை. வழியில் தண்ணியைக் குடிக்காமல் விடுறது பெரிய பிழை. சலம் தடிச்சால் எரிவு இன்னும் கூடும்.

---

பாமசி சம்மாந்துறை எழுதியது:

வீட்டுக்கு வந்து முதல் 6 மணித்தியாலம் போகிற ஒவ்வொரு சலத்திலும் உயிருள்ள கிருமி இருக்கு. அதுக்குத்தான் ப்ளீச். கொமட்டுக்கு எழுதின முறைதான் எல்லா இடத்திலும் இருக்கு. நம்மட ஊரில் குந்துற கக்கூசு கனக்க, அதுக்கு எழுதுறன்.

ஆண்களும் 6 மணித்தியாலம் குந்தித்தான் போக வேணும். நின்று போனால் தெறிக்கும், காலிலும் சுவரிலும் படும். போன கையோட வாளித் தண்ணியை ஊத்தாதீங்க. முதலில் ப்ளீச். போன சலத்தின் அளவுக்குச் சமனாக, சுமாராக ரெண்டு கப், அரை லீற்றர். கடையில் விற்கிற சாதாரண திரவ ப்ளீச் போதும். கையைத் தாழ்த்தி, குழிக்குக் கிட்டே பிடிச்சு மெதுவா ஊத்துங்க, உசரத்தில் இருந்து ஊத்தினால் அதுவே தெறிக்கும். ஒரு பழைய பிளாஸ்ரிக் தட்டாலயோ பேசினாலயோ மூடி வச்சிட்டுக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வாங்க. 15 முதல் 20 நிமிசம். பிறகு தண்ணியை ஓரத்தால ஊத்தி அனுப்புங்க.

இதில் உயிர் போகக்கூடிய பிழை ஒன்று இருக்கு. கக்கூசு கழுவுற அமிலத் திரவம், ஹார்பிக் மாதிரியானது, முதலே ஊத்தி வச்சிருந்தால் அதுக்கு மேல் ப்ளீச் ஊத்தக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கக்கூசு, கதவு பூட்டு, உள்ளே முதியவர் என்றால் மூச்சடைக்கும். மருந்து ஏற்றுறதுக்கு முந்தின நாளே கழுவி, நிறையத் தண்ணி அடிச்சு விடுங்க. அன்றைக்கு அமிலப் போத்தலை வேற இடத்தில் ஒளிச்சு வைங்க.

உடுப்பு நனைஞ்சால் அன்றைக்கே, மற்ற உடுப்போட சேர்க்காமல் தோய்க்க வேணும். பேட் என்றால் ப்ளீச் கொஞ்சம் ஊத்தி ஊறவிட்டு, பையில் கட்டி எறியலாம். ஒவ்வொரு முறையும் சவுக்காரம் போட்டு அவ்விடத்தையும் கையையும் கழுவுங்க, தோல் வெந்து எரியுறதும் குறையும்.

---

காத்தான்குடித் தங்கச்சி எழுதியது:

வீட்டில் சின்னப் பிள்ளை, கர்ப்பிணி இருந்தால் ஒரே கக்கூசைப் பாவிக்கலாமா?

---

பாமசி சம்மாந்துறை எழுதியது:

மேலே சொன்ன மாதிரிச் செய்தால் பாவிக்கலாம் தங்கச்சி. பேட், உடுப்பு தொடுற வேலையை மட்டும் கர்ப்பிணியிட்டயும், கீமோ போட்டுக்கொண்டு அல்லது ஸ்டீரொயிட் குடிச்சுக்கொண்டு எதிர்ப்பு குறைஞ்சு இருக்கிறவங்களிட்டயும் விடாதீங்க. மற்றவர்கள் கையுறையோட செய்யலாம். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிச்சால், பிள்ளையைத் தூக்கினால் தொற்றாது. கணவன் மனைவி சேர்றதை ரெண்டு நாளைக்குத் தள்ளி, சிகிச்சை நடக்கிற காலம் முழுக்க ஆணுறையோட. இதை வெட்கத்தில் யாரும் கேட்கிறதில்லை, அதால் எழுதினன்.

---

வாவிக்கரை லேப் எழுதியது:

பரிசோதனைக் கூடத்துப் பக்கத்தில் இருந்து ஒரு வேண்டுகோள். எரிவு வந்த உடனே வெளியில் போய் யூஎப்ஆர் (சாதாரண சலப் பரிசோதனை) ஒன்று செய்து, 'சீழ்க் கலம் நிறைய' என்று றிப்போட் வந்ததும் தாங்களாகவே சிப்ரோ என்ற அன்ரிபயோட்டிக்கை வாங்கிப் போடுறாங்க. பீசீஜி ஏற்றின சலப்பையில் சீழ்க் கலமும் சிவப்புக் கலமும் எப்பவும் கூடத்தான் இருக்கும். வெள்ளைக் கலங்களை அங்கே வரவழைக்கிறதுதானே சிகிச்சை! அந்த றிப்போட்டை வச்சுத் தொற்று என்று சொல்ல ஏலாது. கல்ச்சர், அதாவது சலத்தில் கிருமி வளருதா என்று பார்க்கிற சோதனை, செய்துதான் தெரியும்.

கல்ச்சருக்கு எடுக்கிற முறையும் முக்கியம். கழுவி, முதல் கொஞ்சத்தை விட்டு, நடுச் சலத்தைக் கிருமி நீக்கின போத்தலுக்குள் எடுத்து, 2 மணித்தியாலத்துக்குள் கூடத்துக்குக் கொண்டு வாங்க. முடியாதென்றால் பிறிட்ஜின் கீழ்த் தட்டில். வெயிலில் மோட்டர்சைக்கிள் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த போத்தலில் எதுவும் வளரும். குளிசை குடிக்க முதல் எடுக்க வேணும், குடிச்ச பிறகு எடுத்தால் கிருமி இருந்தாலும் வளராது.

---

கல்முனை நானா எழுதியது:

சிப்ரோ எடுத்தால் என்ன வந்துடப்போகுது? எரிவு குறையுதுதானே. ஒப்லொக்சசின் பீசீஜிக்குக் குடுக்கிற ஆய்வே இருக்கு.

---

பாமசி சம்மாந்துறை எழுதியது:

நானா, அந்த ஆய்வு உண்மை. 2006 இல் வந்தது. முதல் சலம் போய் 6 மணித்தியாலத்துக்குப் பிறகு 200 மில்லிகிராம் ஒன்று, அதுக்கு 10 முதல் 14 மணித்தியாலத்தில் இன்னொன்று. நடுத்தரமான, கடுமையான பக்க விளைவுகள் குறைஞ்சன. ஆனால் அதில் முழு விசயமும் நேரத்திலதான் இருக்கு. சிப்ரோ, ஒப்லொக்சசின், லெவோபிளொக்சசின் குடும்பம் பீசீஜிக் கிருமியைக் கொல்லும். டொக்சிசைக்கிளினும் ஜென்டாமைசினும் அப்படியே. ஏற்றுறதுக்கு முந்தின நாளில் இருந்தே போட்டுக்கொண்டு வந்தால், ஏற்றுற மருந்தை ஒரு பக்கத்தால் கொன்றுகொண்டு மறுபக்கத்தால் ஏற்றின கணக்கு. எரிவு குறைஞ்சிருக்கும், புற்றுக்கு எதிரான வேலையும் குறைஞ்சிருக்கும்.

டொக்டர் எழுதித் தந்தால் எழுதின நேரத்துக்கு எடுங்க. வேற வருத்தத்துக்கு, பல்லுக்கோ புண்ணுக்கோ, அன்ரிபயோட்டிக் எழுதுற டொக்டரிட்டயும் 'சலப்பைக்குள் பீசீஜி ஏற்றுறன்' என்று சொல்ல வேணும். சலத் தொற்றுக்கு நைற்றோபியூரன்டொயின் மாதிரிப் பீசீஜியைத் தொடாத மருந்தும் இருக்கு, அவர் பார்த்துத் தெரிவு செய்வார்.

---

கல்முனை நானா எழுதியது:

விளங்குது. முந்தியே போடக் கூடாது என்பது தெரியாமல்தான் பலர் போடுறாங்க.

சரி, ஒக்சிபியூட்டினின்? அவசரம் வராமல் முதலே குடிச்சு வைக்கலாம்தானே?

---

யூரோவாட் மிஸ்ஸி எழுதியது:

அதைத்தான் எல்லாரும் நினைச்சம். 2013 இல் 50 பேரை வச்சு நாளுக்கு 10 மில்லிகிராம் ஒக்சிபியூட்டினினையும் மருந்தில்லாத வெறும் குளிசையையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. முன்கூட்டியே குடிச்சவங்களுக்குத்தான் அடிக்கடி போறது, எரிவு, காய்ச்சல் கூடுதலாக இருந்துது. அதால தடுக்கிறதுக்காக எல்லாருக்கும் குடுக்கிறதில்லை. அவசரத்தால் மருந்தை உள்ளே வைக்கவே ஏலாதவருக்கு, வந்த பிறகு, டொக்டர் ஆளைப் பார்த்துக் குடுப்பார். அது வேற விசயம்.

வயசானவங்களுக்கு இந்த வகைக் குளிசையில் வாய் காயும், மலம் இறுகும், சிலருக்கு மறதியும் தடுமாற்றமும் வரும். மலம் இறுகினால் குடல் சலப்பையை அமத்தும், அவசரம் திரும்பக் கூடும். புரொஸ்டேட் வீங்கியிருக்கிறவருக்குச் சலம் கட்டிவிடும். கண் அழுத்தம் உள்ளவர் கட்டாயம் சொல்ல வேணும். மிராபெக்ரன் இந்தக் கோளாறுகளைக் குறைவாகத் தரும், அதுக்குப் பிறசரைப் பார்த்துக்கொண்டிருக்க வேணும். ஆண்களுக்குப் போகத் தொடங்குறது தாமதம், தாரை மெல்லிசு என்றால் டாம்சுலோசின்.

வீட்டில் சாதாரண எரிவுக்கு பனடோல் 2 குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு 8 க்கு மேல் இல்லை. ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் மெலிஞ்ச ஆளுக்கும் அதிலும் குறைவு. இளஞ்சூட்டுத் தண்ணிப் போத்தலைத் துணியில் சுத்தி அடிவயித்தில் 15 நிமிசம் வச்சால் பிடிப்பு இளகும். டைக்குளோபெனக் எரிவுக்கு நல்லாக் கேட்கும் என்பது உண்மைதான், ஆனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுது என்று காட்டுற இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் தொடக் கூடாது. சிறுநீரக வருத்தம் வர்ற அம்பாறை மாவட்டத்து விவசாயிகளுக்கு இதை ரெண்டு தரம் சொல்ல வேணும்.

---

நடைப்பயிற்சி எழுதியது:

இயன்மருத்துவப் பக்கத்தில் இருந்து. அவசரம் வந்த உடனே ஓடுறதுதான் கசியுறதுக்குக் காரணம். ஓடும்போது வயித்து அழுத்தம் கூடும், கக்கூசுக் கதவைக் கண்டதும் சலப்பை இன்னும் சுருங்கும். ஓடாதீங்க. நின்ற இடத்தில் நில்லுங்க, கதிரை இருந்தால் இருங்க. காற்றுப் போகாமல் அடக்கிற தசையை வேகமாக 5 தரம் இறுக்கி விடுங்க. மூச்சை மெதுவா விடுங்க. அலை ஒன்று எழும்பி இறங்குற மாதிரி அந்த அவசரம் தணியும், அந்த இடைவெளியில் நடந்து போங்க. இது மருந்து ஏற்றின மூன்று நாளுக்குப் பிறகு பழக வேண்டியது. எரிவு உச்சத்தில் இருக்கிற முதல் ரெண்டு நாளும் அடக்கிப் பழக வேண்டாம், வந்தால் போங்க.

அளந்து எழுதுங்க. ஒரு லீற்றர் வெறும் தண்ணிப் போத்தலின் தோள்ப் பகுதியை வெட்டி எடுத்தால் வாய் அகன்ற குவளை கிடைக்கும். வெட்டின விளிம்பு கையைக் கீறும், பிளாஸ்ரர் ஒன்றைச் சுத்தி ஒட்டுங்க. 50 மில்லி சிரிஞ்சியால் தண்ணி ஊத்தி, ஒவ்வொரு 50 க்கும் அழியாத பேனையால் கோடு போடுங்க. ஒரு கொப்பியில் நேரம், எத்தனை மில்லி, எரிவு பத்தில் எத்தனை, கசிஞ்சதா, நிறம் என்ன. அடுத்த தடவை ஏற்ற முந்தின 3 நாள் எழுதினால் போதும். முதல் 6 மணித்தியாலம் இந்தக் குவளையைப் பாவிக்க வேண்டாம்.

அந்தக் கொப்பியில் டொக்டருக்கு ஒரு விசயம் பளிச்சென்று தெரியும். ஒருத்தர் 'ஒரு நாளைக்கு 18 தரம் போறன்' என்றால், ஒவ்வொரு தரமும் 200 மில்லியா 60 மில்லியா? 200 என்றால் குடிக்கிறது கூட, அல்லது சுகர் ஏறியிருக்கு. சிகிச்சை முடிஞ்சு பல கிழமையாகியும் 100 ஐத் தாண்டவே இல்லை என்றால் சலப்பை சுருங்கிக்கொண்டு வருதா என்று பார்க்க வேணும். அரிதுதான், ஆனால் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டியது. போன பிறகும் மிச்சம் நிக்குதா என்பதை ஸ்கேனில் அளக்கலாம்.

---

ஆரையம்பதி ஆசிரியர் எழுதியது:

இரத்தம் எவ்வளவு வந்தால் பயப்பட வேணும்?

---

கல்லடித் தாதி எழுதியது:

சேர், ரோசாப்பூ நிறம், லேசான தேத்தண்ணி நிறம், சின்னச் சின்னத் தோல் மாதிரித் துணுக்குகள் ரெண்டு நாள் வரலாம். தண்ணியைக் கூட்டினால் தெளியும். கட்டி கட்டியாக வந்தால், தெளியாமல் தடிச்ச சிவப்பாகவே நின்றால், அல்லது முட்டுது ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் போகுது என்றால் விடியும் வரை பார்க்காமல் ஈடியூவுக்கு (ஆசுபத்திரி அவசர சிகிச்சைப் பிரிவு). கட்டி வாயை அடைச்சிருக்கும், கதீற்றர் போட்டுக் கழுவ வேணும். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். அஸ்பிரினோ வார்பரினோ எடுக்கிறவங்க முதலே சொல்லியிருக்க வேணும், இரத்தத்தைக் கண்டுட்டுத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

காசநோய் மருந்தான றிபாம்பிசின் எடுக்கிறவங்களுக்கும், எரிவுக்கு பெனசோபைரிடீன் எடுக்கிறவங்களுக்கும் சலம் செம்மஞ்சளாகப் போகும். அது இரத்தமில்லை.

---

யூரோவாட் மிஸ்ஸி எழுதியது:

காய்ச்சலைப் பற்றிக் கட்டாயம் எழுத வேணும், நம்மட பகுதியில் இதில்தான் தவறுது.

ஏற்றின அன்றைக்கு ராவு 38 அளவில் காய்ச்சல், உடம்பு உளைவு, மறுநாள் விடுறது வழமை. வீட்டில் தெர்மோமீற்றர் ஒன்று இருக்க வேணும், நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறது கணக்கில்லை. 38.5 க்கு மேல் 24 மணித்தியாலம் நின்றாலோ, எந்த நேரமும் 39 ஐத் தொட்டாலோ, பல்லுக் கிட்டுற நடுக்கம் வந்தாலோ ஆசுபத்திரி. கிருமி இரத்தத்தில் பரவியிருக்கலாம். கண் மஞ்சள், மூச்சு முட்டல், விதை வீக்கம், மூட்டு வீக்கத்தோட கண் சிவப்பு, இவையும் அதே பட்டியல்தான். காய்ச்சல் இல்லாவிட்டாலும் போக வேணும்.

ஈடியூவில் மட்டக்களப்புக் காய்ச்சல் என்றாலே டெங்குதான் முதல் சந்தேகம். அது சரியான சந்தேகமும்தான், இரத்தம் எடுக்கட்டும். ஆனால் 'இன்ன திகதி சலப்பைக்குள் பீசீஜி ஏற்றினது' என்று வாசலிலேயே சொல்லுங்க. கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டு போங்க. சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது. டெங்கு இல்லையென்று தெரியும் வரை டைக்குளோபெனக், புரூபன் வேண்டாம், பனடோல் மட்டும்.

பீசீஜி பரவினதென்றால் காசநோய் மருந்துதான் குடுப்பாங்க: ஐசோனியசிட், றிபாம்பிசின், எதாம்பியூட்டோல். பைராசினமைட் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. கடுமையென்றால் ஸ்டீரொயிட்டும் சேரும். கல்ச்சர் வளரக் கிழமைக் கணக்காகும், அதுவரை காத்திருக்க மாட்டாங்க. இது மாதங்கள், வருடங்கள் கழிச்சும் தலைகாட்டலாம். அதால ஐடென்ரிற்றிக் கார்ட்டோட ஒரு துண்டில் எழுதி வச்சுக்கொள்ளுறது நல்லம்.

---

பாமசி சம்மாந்துறை எழுதியது:

மறுபக்கமும் சொல்ல வேணும் மிஸ்ஸி. பீசீஜி ஏற்றினவருக்குக் காசநோய் பார்க்கிற மான்டோ ஊசி பொசிட்டிவ் ஆகலாம். அதை மட்டும் வச்சு உங்களுக்கு ரீபி (காசநோய்) என்று யாரும் பயப்படுத்தினால், ஏற்றின விசயத்தைச் சொல்லுங்க.

---

திருக்கோவில் தம்பி எழுதியது:

நெருஞ்சில், நீர்முள்ளி அவிச்சுக் குடிச்சால் எரிவு விடும் என்று அம்மம்மாமார் அவிச்சு வச்சிருக்காங்க. குடுக்கலாமா?

---

பாமசி சம்மாந்துறை எழுதியது:

அவை சலத்தைப் பெருக்குறவை தம்பி. ஏற்றுற நாளும் முந்தின நாள் ராவும் கட்டாயம் வேண்டாம், மருந்து உள்ளே நிக்காது. மற்ற நாளிலும் கிரியாட்டினின் கூடினவருக்கு வேண்டாம். எரிவு தணிய வெறும் தண்ணிதான் மருந்து. மருந்து வெளியேறின பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ், படுக்க ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல் நிறுத்திடுங்க, நாளுக்கு 2 முதல் 2.5 லீற்றர். கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில் இதுக்கு மேலும் வேணும், வேர்வையாகவே போயிடும். இதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவங்களுக்கு டொக்டர் சொன்ன அளவுதான்.

எரிவுக்கென்று கடையில் கேட்டு வாங்குற பொட்டாசியம் சிற்றேற் பாணியைப் பற்றியும் கவனம். பிறசருக்கு லொசார்ட்டன் எடுக்கிறவருக்குப் பொட்டாசியம் ஏறும். இளநீரும் சிறுநீரக வருத்தக்காரருக்கு அதே கதைதான். மூன்று நாளைக்குப் பிளேன்டி, கோப்பி, சோடா, கொச்சிக்காய் தூக்கலான குழம்பு இல்லாமல் இருந்தால் வித்தியாசம் தெரியும். பிட்டுக்குத் தயிர், பால் சொதி, தாராளமாகச் சாப்பிடலாம்.

---

காத்தான்குடித் தங்கச்சி எழுதியது:

நோன்பு காலத்தில் ஏற்ற வேண்டி வந்தால்? தொழுகைக்கு, சொட்டிக்கொண்டே இருந்தால் வுழூ (தொழ முதல் கழுவுறது)?

---

கல்முனை நானா எழுதியது:

தங்கச்சி, நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய அனுமதி குர்ஆனிலேயே இருக்கு. ஏற்றின நாளும் அடுத்த ரெண்டு நாளும் தண்ணி குடிச்சே ஆக வேணும், அது சிகிச்சையின் பங்கு. விடாமல் சொட்டுறவருக்கு, வக்து (தொழுகை நேரம்) வந்த பிறகு கழுவி, பேட் ஒன்று வச்சு, வுழூச் செய்து, தாமதிக்காமல் தொழுறது. நடுவில் கசிஞ்சால் தொழுகை முறியாது. ஒவ்வொரு பர்ளுக்கும் (கடமையான தொழுகை) புதிசா. மிச்சத்தை மௌலவியிட்டக் கேளுங்க. ஜும்ஆவுக்குப் போக ஏலாதென்று வாப்பாமார் வெட்கத்தில் சிகிச்சையையே நிறுத்துறாங்க, அதுக்கு மட்டும் விடாதீங்க.

---

ஆரையம்பதி ஆசிரியர் எழுதியது:

நானா சொன்னது முக்கியம். தாங்க ஏலாமல் இருக்கிறதைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாங்க என்று மறைக்கிறவங்களும் இருக்காங்க. மூன்றாவதோட கிளினிக்குக்கே போகாமல் விடுறவங்களும் இருக்காங்க.

---

யூரோவாட் மிஸ்ஸி எழுதியது:

சேர், சொன்னால் உடனே நிறுத்துறதில்லை. போன தடவை எரிவு முழுசா அடங்க முதல் அடுத்ததை ஏற்றக் கூடாது, அதால ஒரு கிழமை தள்ளுவம். கல்ச்சர் அனுப்புவம். ஒரு கிழமை தள்ளினால் எல்லாம் பாழாகாது. வீங்கிப் புண்ணான சலப்பைக்குள் மேல் மேல் ஏற்றினால்தான் பெரிய கோளாறுக்குப் போகும், பிறகு உண்மையாகவே நிறுத்த வேண்டி வரும். அளவை மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறதும் உண்டு, ஆனால் பெரிய ஆய்வொன்றில் குறைச்சவங்களுக்குப் பக்க விளைவு குறையல்ல. அதால இடைவெளி விடுறது, அந்தந்த உபாதைக்கு மருந்து குடுக்கிறதுதான் எனக்குச் சரியாகப் படுது.

---

திருக்கோவில் தம்பி எழுதியது:

கடைசியா ஒன்று மிஸ்ஸி. 2 மணித்தியாலத்தை எப்ப இருந்து எண்ணுறது? கட்டிலால் எழும்பின நேரமா?

---

யூரோவாட் மிஸ்ஸி எழுதியது:

மருந்து முழுசா உள்ளே இறங்கி முடிஞ்ச நேரத்தில் இருந்து தம்பி. கதீற்றரைக் கழற்றும்போது சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, கையிலேயே பேனையால் எழுதிவிடச் சொல்லுங்க. 9.20 என்றால் 11.20 க்கு கக்கூசில் இருக்க வேணும்.